குழாயடியில் ஒன்று

ஆவணி இரண்டாம் வாரம்
சோப்புத் தண்ணீர் தேங்கும் இடத்தில்
நாங்கள் நடாத ஒன்று நின்றது.
நட்டவை: கறிவேப்பிலை, ஓமவல்லி,
மூன்று வருஷமாய்ப் பூக்காத செம்பருத்தி.
இது முழங்கால் உயரம்.
தண்டு உருண்டை இல்லை, நான்கு பட்டை, பொடி ரோமம்.
கீழ் இலை அகலம், மேல் இலை ஒல்லி,
ஒரே வயிற்றில் பிறந்து
ஜாடை ஒட்டாத இருவரைப் போல.

வில்லாபுரம் ஹவுசிங் போர்டில்
எதுவும் ரகசியமாக வளர முடியாது.
மாடி வீட்டு ஜெசிந்தா டீச்சர் எட்டிப் பார்த்துத்
தும்பை என்றார்.
தும்பை எனக்குத் தெரியும்.
அழகர்கோவில் சாலை நர்சரிக்காரர்
படத்தைப் பார்க்கவே இல்லை.
"நீங்க வைக்கலைல்ல? அப்ப களை."
எதிர்வீட்டு ஆடு முகர்ந்தது, தும்மியது,
கொடியில் காய்ந்த என் லுங்கிக்குப் போனது.

பிறகு பூ.
வெளிறிய ஊதா, தலை கவிழ்ந்த குழல்.
சுண்டுவிரலை நுழைத்தேன்; அளவெடுத்தது போல் இருந்தது.
உள்ளே முன்பே குடியிருந்த எறும்பு கடித்தது.
மகள் கைபேசியில் படம் எடுத்தாள்.
அது சற்று யோசித்துச் சொன்னது:
பனி பெய்யும் தேசத்துச் செடி,
இதயத்துக்கு மருந்து,
அளவு தப்பினால் விஷம்,
எண்பத்தொரு சதவீதம் உறுதி.
மதியம் திறந்தால் குழாய்த் தண்ணீர் சுடுகிற ஊரில்
மீதிப் பத்தொன்பதை நம்பி
பிடுங்காமல் விட்டேன்.

சிலிண்டர் கொண்டுவந்த வனராசுக்குச்
சேடபட்டிப் பக்கம்.
கசிவு பார்க்கச் சோப்பு நுரை வேண்டுமென்று
பின்பக்கம் வந்தவன் கேட்டான்:
"எள்ளு ஏன் சார் ஒத்தையா நிக்குது?"

எள்ளா?

"பின்னே?"
ஓர் இலையைக் கிள்ளி ஈரக் கையில் கசக்கினான்.
வழவழவென்று நூல் விட்டது.
"எங்க காட்டுல ஏக்கர் கணக்கா நிக்கும்."

ஐம்பத்திரண்டு வருஷமாகத் தின்றிருக்கிறேன்,
உருண்டையாக, பொடியாக, இட்லி மேல் எண்ணெயாக.
எள் போட்டால் எள் விழாத கூட்டத்தில் நசுங்கி
அழகர் ஆற்றில் இறங்கப் பார்த்திருக்கிறேன்.
எள்ளளவும் விட்டுத்தர மாட்டேன் என்று
ஒரு சுவருக்காக ஒருவனிடம்
சொல்லியும் இருக்கிறேன்.
செடியை இன்றுதான் பார்க்கிறேன்.

இங்கே எப்படி வந்தது என்று வனராசு கேட்கவில்லை.
காலி சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

ஆடி அமாவாசை.
கீழமாசி வீதியில் வாங்கிய கறுப்பு எள், சின்னப் பொட்டலம்.
கல்யாணம் கட்டாதவன், கொடுக்க வேறு ஆளில்லை.
வைகைக் கரை வரை போனேன்.
போனவர் பேர் சொல்லுங்க என்றார் ஐயர்.
பதினோரு வருஷம் சொல்லாத பேர்
தொண்டையில் நின்றது.
பின்னால் வரிசை, அதற்குப் பின்னால் வரிசை.
"சீக்கிரம் சொல்லுங்க."
வண்டியை எடுத்துத் திரும்பிவிட்டேன்.
முடிந்ததா என்றாள் அன்னக்கொடி.
முடிந்தது என்றேன்.
கை கழுவப் போனவன் சட்டைப்பையில் கிடந்ததைக்
குழாயடியில் கொட்டி
தண்ணீரைத் திறந்துவிட்டேன்.

எள்ளும் தண்ணீரும்.

புரட்டாசி அமாவாசைக்கு முதல் நாள்
அவள் பச்சைக் காய்களைத் தொட்டுப் பார்த்தாள்.
"இனிமே கடையில வாங்க வேண்டாம்."
எவ்வளவு தெரியும் அவளுக்கு?
நான் கேட்கவில்லை.
பாத்திரம் கழுவிய தண்ணீரை
அவளே அதன் பக்கம் சரித்துவிட்டாள்.

ஐப்பசியில் அடிக் காய்கள் வாய் பிளந்தன.
ஒன்றை உள்ளங்கையில் தட்டி
படியில் உட்கார்ந்து எண்ணினேன்.
அறுபத்தொன்று வரை வந்துவிட்டேன், தவசி.
அதற்குள் மழை பிடித்துக்கொண்டது.