மான் எங்கே படுக்கிறது

எங்கள் ஆபீஸில் கார் யானை,
டூவீலர் முயல்,
ஆட்டோ மான்.
ஏழு தவணை தாண்டினால்
குணாளன் சார் ஃபைலைத் தள்ளிவிட்டுக் கேட்பார்:
"மான் எங்க படுக்குது?"

எங்கே ஓடுகிறது என்று கேட்க மாட்டார்.
ஓடுவதை மறித்தால் என்ன ஆகும் என்பதற்கு
என் இடது புருவத்தில் ஐந்து தையல் இருக்கிறது,
கல்மண்டபம் ஸ்டாண்டு கொடுத்தது.

ஆகவே தரையைப் படிக்கிறேன்.
மண்ணில் முன்சக்கரம் ஒடித்த கோணம்.
உள்ளங்கை அகலத்துக்கு ஆயில் சொட்டு.
விரலில் வழுக்கினால் நேற்று.
தூசி ஒட்டி உறைந்திருந்தால்
இடம் மாறி நாலு நாள்.

லாசருடைய வண்டி. நாட் த்ரீ.
பின்கண்ணாடியில் பாதி உரிந்த 'சீயோன்'.
ஒற்றை ஹெட்லைட், அதுவும் மேலே பார்க்கும்,
மரத்தில் யாரையோ தேடுவதுபோல.
காலை ஐந்தரை காசிமேடு, கூடைக்காரிகள் நாலு பேர்.
எட்டேகால் ஸ்கூல் சவாரி.
பகலில் மிண்ட், பெரும்பாலும் காலி.
ராத்திரி ஒன்பதரைக்கு எழில் நகர், வீடு.

சில ராத்திரி அங்கேயே படுக்கும்.
சில ராத்திரி பதினோரு மணிக்கு எழுந்து
எங்கேயோ போய்விடும்.

பதினான்கு நாள் சிகரெட் அட்டையில் குறித்தேன்.
கிழமை பொருந்தவில்லை.
அமாவாசையைக்கூட வைத்துப் பார்த்தேன்.
பதினைந்தாம் ராத்திரி
கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது,
கூட்ஸ் முடிவில்லாமல் ஊர்ந்தது,
கொடுங்கையூர்க் குப்பைமேட்டுப் புகை
மேற்கிலிருந்து வந்து கண்ணைக் கரித்தது.
அட்டையை எடுத்தேன்.
எழுந்துபோன ராத்திரி எல்லாம் மேல்காற்று.
தங்கிய ராத்திரி எல்லாம் கடல்காற்று.

கில்லாடி, என்று நினைத்தேன்.
காற்று பார்த்துப் படுக்கிற மான்.
என் வாடைதான் போகிறதோ என்று
சட்டையை முகர்ந்துகூடப் பார்த்தேன்.

ஸ்டான்லி ஆஸ்பத்திரிச் சுவர்,
ஆம்புலன்ஸ் திரும்பாத மூலை.
விளக்கில்லாமல் கிடந்தது.
முப்பது அடிக்கு முன்பே பைக்கை அணைத்துவிட்டு
மாற்றுச் சாவியோடு நடந்தேன்.

பின்சீட்டில் ஒரு பெண் குழந்தை, ஆறு வயசிருக்கும்,
உட்கார்ந்தே தூங்கியது,
அம்மாவின் தோளில் நெற்றியை முட்டிக்கொண்டு.
ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு சின்ன விசில்.
அம்மா கையில் நீல பம்ப்.
லாசர் வெளியே நின்று
மூக்கைத் தூக்கி மேற்கே பார்த்தான்.
"கொறைஞ்சிச்சா?"
"இல்ல எஸ்தரு. நாலு மணிக்கு காத்து திரும்பிடும்."

என்னைப் பார்த்தான்.
"யாருண்ணா அட்மிட்டு?" என்றான்.
"எங்க அப்பா" என்றேன்.
அவர் செத்து ஒன்பது வருஷம்.

இதோடு நான் நல்லவன் என்று
நீங்கள் எழுந்துவிட வேண்டாம்.
கடல்காற்றுக்குக் காத்திருந்தேன்.
வியாழக்கிழமை வந்தது.
எழில் நகர் ரெண்டாவது சந்து, காலி வண்டி,
ரெண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.
நாய் ஒன்று தலையைத் தூக்கியது,
திரும்பப் போட்டுக்கொண்டது.

மாதவரம் யார்டில் லிஸ்ட் எழுதினேன்:
ஸ்டெப்னி ஒன்று. ஜாக்கி ஒன்று.
மீட்டரில் தொங்கும் சிலுவை ஒன்று.
சீட்டு இடுக்கில் பம்பின் நீல மூடி,
அதை எழுத ஃபாரத்தில் கட்டம் இல்லை.

அந்த மூடி என் சாவிக்கொத்தோடு கிடக்கிறது.
ராத்திரி பதினோரு மணி ஆனால்
மொட்டைமாடிக்குப் போய்
மேற்கே திரும்பி முகர்கிறேன்.
புகை இருந்தால்
அவர்கள் இந்நேரம் நடக்கத் தொடங்கியிருப்பார்கள்.
லாசர் தோளில் குழந்தை இருக்கும்.
கொருக்குப்பேட்டை கேட் மூடியிருக்கும்.