செவுள் பார்க்கிறவன்

பாம்பன் ஏலக்கூடத்தில்
செவுளைத் தூக்கியதுமே சொல்லிவிடுவான் இன்னாசிமுத்து,
இன்று பட்ட மீனா, ஐஸில் கிடந்ததா என்று.

தன் வாயைப் பார்த்ததில்லை.

கடலுக்குப் போன காலத்தில்
ராத்தூக்கம் விரட்ட அடக்கிய புகையிலை.
கரையேறிப் பதினெட்டு வருஷம்,
இடக் கன்னத்தை விட்டு அது இறங்கவில்லை.

தடைக்காலம் தொடங்கியபோது
நண்டுக் குழம்பு எரிகிறதென்று சண்டை போட்டான்.
மிளகாயைக் குறைத்தேன்.
பிறகு போடவே இல்லை.
அப்போதும் எரிந்தது.

தடை முடிந்து விசைப்படகெல்லாம் போயாச்சு.
புண் போகவில்லை.

எழுநூத்தம்பது என்று கூவினால்
பாதி எண் பல்லுக்குள்ளேயே நிற்கிறது.
மூணு விரல் வை என்றாள் நர்ஸ்.
ரெண்டுக்கே இடமில்லை.

டார்ச் அடித்தேன்:
வள்ளத்தின் அடியில் ஒட்டிய சிப்பிபோல வெள்ளை,
நடுவில் சிவந்த குழி.
"வலிக்குதா?"
"இல்லியே" என்றான், ஏலம் ஜெயித்த முகத்தோடு.

அந்த 'இல்லியே'தான்
என்னை ராமநாதபுரம் பஸ்ஸில் ஏற்றியது.

துணுக்கு வெட்டி டெஸ்டுக்கு அனுப்புவார்களாம்.
"சாம்பிளா? கம்பெனிக்காரன் மாதிரி" என்று சிரித்தான்.
சிரிப்பும்
ரெண்டு விரல் அகலம்தான் வந்தது.