பேர், ஊர், பூ, காய்

ஆறடி தள்ளி நில்லுங்கள் என்றார்கள்.
எங்கள் சேர்மாதேவியில்
கன்னடியன் கால்வாய் முப்பதடி தந்தது.

ஜூன் பிறந்து தண்ணீர் திறந்த மூன்றாம் நாள்.
அதற்கு முன் நாற்பது நாளாக
என் மகன் வன்னியராசா
அடுக்களைச் சுவரைப் பார்த்தே சாப்பிட்டான்.
நான் பீடி இலை வெட்டுவேன்; அவன் செல்போனில்
யாரையோ சுடுவான், செத்துப்போவான், மறுபடி பிறப்பான்.
"ஏதாச்சும் பேசுல" என்றால்
"என்னத்தப் பேச" என்பான்.
பதிமூன்று வயசு. நகம் பத்திலும் ரத்தம்.

அக்கரைத் தெரு எஸ்தருக்குப் போன் போட்டேன்.
அவள் வீட்டிலும் அதே கதை.
ஜெனிஷா பூனையோடு சண்டை போடுகிறாளாம்.
இரண்டு பேரும் சேர்ந்து சட்டம் போட்டோம்:
நாலரையிலிருந்து ஐந்தேகால் வரை.
மாஸ்க் மூக்குக்குக் கீழே இறங்கினால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது.
பந்து கிடையாது. முறுக்கைப் பங்கு வைக்கக் கூடாது.
சளி, இருமல் என்றால் மாடியில் நின்று கையாட்டலாம்.
தண்ணீரில் இறங்கினால் நானே அடிப்பேன்.

இக்கரையில் மூணு பேர், அக்கரையில் நாலு.
முதல் நாள் யாருக்கும் பேச்சு வரவில்லை.
நீர்க்கோழி ஒன்று போயிற்று, அதைப் பார்த்தார்கள்.
அப்புறம் ஜெனிஷா கத்தினாள்:
"ஏ, பேர் ஊர் பூ காய் ஆடுவமா?"

அவள் மனசுக்குள் எழுத்தை ஓட்டுவாள்.
இவன் "நிப்பாட்டு" என்பான்.
"ப!"
பலவேசம், பத்தமடை, பவளமல்லி.
காய்க்குத்தான் சண்டை, பலா காயா பழமா என்று
கால்வாய் நீளத்துக்கு ஒரு கச்சேரி.
சுளகை மடியில் வைத்துக் கரையிலேயே பீடி சுற்றினேன்.
அன்றைக்கு எண்ணிக்கை குறைந்தது.
சிரித்துத் தொலைத்தேன்.

பிறகு, அக்கரை நம்பி பதினைந்து நாள் வரவில்லை.
அவன் அப்பாவை ஹைகிரவுண்டுக்கு ஏற்றிப்போன வண்டி
தெருவுக்குத் திரும்பவில்லை.
வாசலில் தகரம் அடித்திருந்தது.
சாவு வீட்டுக்குப் போகாத ஊராக ஆனோம்.

தகரம் பிரித்த பிறகு ஒரு சாயங்காலம் வந்தான்.
மற்றவர்களை விட்டு இன்னும் தள்ளி நின்றான்,
மொட்டைத் தலையில் சாரல் விழ.
யாரும் ஒன்றும் கேட்கவில்லை.
என் மகன் என்னைப் பார்த்தான்.
எனக்கு என்ன தெரியும்? நூலைக் கடித்தேன்.

ஜெனிஷா எழுத்தை ஓட்டினாள்.
க வந்தது. ம வந்தது. த.
மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும்.
நாலாம் நாள்தான் எனக்கு உறைத்தது:
இந்தப் பிள்ளைகள், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே,
உயிரெழுத்துப் பன்னிரண்டையும்
ஆட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.

நம்பி பூ சொன்னான், காய் சொன்னான்.
ஊருக்கு அவன் தடுமாறினால்
ஏழு பேரும் தடுமாறினார்கள்.

ஆனி கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை
அவனே எழுந்து நின்றான்.
"ஏட்டி, அ போடு."

இரண்டு கரையும் பேசவில்லை.
ஜெனிஷா மெதுவாக "அ" என்றாள்.

"ஊர், அம்பாசமுத்திரம்.
பூ, அரளி.
காய், அவரைக்காய்."
பேரைக் கடைசிக்கு வைத்திருந்தான்.
மாஸ்க்கை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டு
முப்பதடிக்கும் கேட்கும்படி சொன்னான்:
"அணைஞ்சபெருமாள்."

"பத்து மார்க்!" என்று கத்தினான் என் மகன்.
அந்தப் பேரை வேறு யாரும் சொல்லவில்லை,
அதனால் முழுசாகப் பத்து.