மேலே என்றால் தெற்கு

அல்மாட்டியில் வழி கேட்டால்
மேலே என்பார்கள், இல்லை கீழே.
மலை இருக்கும் பக்கம் மேலே.
அது தெற்கு.
எனக்கு யாரும் இதைச் சொல்லவில்லை.

விடுதி மேசையில் மெருயெர்த்
கைப்பேசியிடம் கஸாக்கில் பேசினாள்.
கைப்பேசி என்னிடம் தமிழில் சொன்னது:
"சந்தை கீழே. திரும்பும்போது மேலே வாருங்கள்."
மேலிலிருந்து மேற்கும்
கீழிலிருந்து கிழக்கும் பிறந்த மொழிக்காரன் நான்.
நம்பிக் கிழக்கே நடந்தேன்.

மலையாவது கண்ணில் பட்டிருக்கலாம்.
ஜனவரிப் புகை.
ஊரின் மேல் யாரோ
கழுவாத தட்டைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

பேருந்து நிறுத்தத்தில் ஒருவர்
ரஷ்ய மொழியில் ஏதோ கேட்டார்.
தோளைக் குலுக்கினேன்.
அதையே கஸாக்கில் கேட்டார்.
அதையே மூன்றாவதாக ஒன்றில்,
உய்கூராக இருக்கலாம்.
மூன்றுக்கும் ஒரே தோள்தான் என்னிடம்.
எனக்காகப் பரிதாபப்பட்டு
ஒரு சிகரெட் நீட்டினார்.

சந்தைக்கு வந்து சேர்ந்தபோது மதியம்.
குதிரைக்கு ஒரு வரிசை,
மாட்டுக்கும் ஆட்டுக்கும் அடுத்தடுத்து,
பன்றி தள்ளி ஒரு மூலையில்.
ஒரே கூரை, ஒரே தராசு முள்.
ஊரின் சமாதான உடன்படிக்கையை
இங்கேதான் கொக்கியில் மாட்டியிருக்கிறார்கள் போலும்.
உப்புத் தயிர் உருண்டை ஒன்றைக் கடித்தேன்.
கூழாங்கல்.
விற்றவள் என் பல்லைப் பற்றி
அடுத்த கடைக்குச் செய்தி அனுப்பினாள்.

அந்த அடுத்த கடை ரிம்மா யுகாயுடையது.
வெள்ளை ஏப்ரன், செம்பட்டைச் சாயம், என் வயது இருக்கும்.
அவள் முன்னால் நூல் நூலாய்க் கேரட் குன்று.
ஒரு கொத்து எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்:
பூண்டு, காடி, கொத்தமல்லி விதை,
மேலே சுடச்சுட ஊற்றிய எண்ணெய்.
பலகையில் "கொரியக் கேரட்".

கொரியாவிலும் இப்படித்தானா என்று
கைப்பேசியைக் கேட்க வைத்தேன்.
வரிசையே சிரித்தது.
கொரியாவில் இது யாருக்கும் தெரியாதாம்.
அவர்களை ரயிலில் ஏற்றி
இந்தப் பக்கம் இறக்கிவிட்ட வருடம்
அவர்களுடைய முட்டைக்கோஸ் கிடைக்கவில்லை.
கேரட் கிடைத்தது.
"அவ்வளவுதான்" என்றது கைப்பேசி,
ஒரு பெண்ணின் குரலில், அவள் குரலில் அல்ல.

போன வசந்தத்தில் ரிம்மா சியோல் போனாள்.
ஐந்து நாள். சுற்றுலா.
கடைக்குக் கடை
அவள் முகத்தைப் பார்த்து மளமளவென்று பேசினார்கள்.
தோளைக் குலுக்கினாளாம்.
கைப்பேசியை நீட்டினாளாம்.
கைப்பேசியைப் பார்த்தார்கள், முகத்தைப் பார்த்தார்கள்,
மறுபடி கைப்பேசியை.
"உனக்காவது
முகம் உண்மையைச் சொல்கிறது" என்றாள் என்னிடம்.
இதைக் கைப்பேசி இரண்டு முறை மொழிபெயர்த்தது.
இரண்டாம் முறை வந்தது:
"உன் முகம் பொய் சொல்லத் தெரியாதது."
இரண்டில் எதற்குத் தலையாட்டினேன் என்று
இப்போதும் தெரியவில்லை.

கால் கிலோ கேட்டேன். முக்கால் கிலோ கட்டினாள்.
விலையும் முக்காலுக்குத்தான்.
எதிரே மாவை இழுத்துக்கொண்டிருந்த தில்மூரத்
கையிலிருந்த நூடுல்ஸ் தரை தொடும்வரை சிரித்தான்.

வெளியே காற்று திரும்பியிருந்தது.
தெருக்கோடியில் மலை நின்றது,
இப்போதுதான் லாரியில் கொண்டுவந்து இறக்கியதுபோல.
அத்தனை பனி. அத்தனை பக்கத்தில்.
ஓ, அதுவா மேலே.
நடைபாதையில் நின்று
கையுறையைக் கழற்றிவிட்டுக் கேரட் தின்றேன்.
என்னைக் கடந்தவர்கள்
மலையையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

விமானம் விடிகாலை நான்குக்கு.
கோட்டுப் பைக்குள் பொட்டலம் கசிந்து
கடவுச்சீட்டின் ஓரமெல்லாம் எண்ணெய்.
குடியேற்ற அதிகாரி
பக்கத்தைத் திருப்பினார், முகர்ந்தார்,
என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.
எதுவும் கேட்காமல்
முத்திரை குத்தினார்.