வரி முறிந்த இடம்

பல்லடம் தாலுகா ஆபீஸ்.
ஏழாவது பேச்சுவார்த்தை முடிந்து
நடவடிக்கைக் குறிப்பு அடிக்கிறேன்.
‘மீட்டருக்கு அறுபது காசு கூலி உயர்வுக்கு
இருதரப்பினரும் உடன்’
என்பதோடு வரி தீர்ந்தது.
அடுத்த வரியில் தனியாக,
‘பட்டனர்.’

பதினோரு வருசமாக ஒரே சொல்லாய் அடித்தது
இன்றைக்கு இரண்டாய்க் கிடக்கிறது.

உடன் என்றால் கூட. அதே நேரத்தில்.
ஒரே வயிற்றில் பிறந்தவர்களுக்கும் இந்த உடன்தான்,
அவர்கள் ஒரே பத்திரத்துக்கு வந்து
முகம் திருப்பி நிற்கும்போதும்.
படு என்றால்
விழு. கிட. மேலே மோது.
கையில் படுவது, கண்ணில் படுவது, பாடுபடுவது.
மேற்கே இறங்கும் ஞாயிறு பழைய ஏட்டில் படும்.
தண்ணி இல்லாமல் நின்ற தென்னையும் படும்;
இந்தப் பக்கத்தில் அதைக் கணக்கில்லாமல் பார்த்தாயிற்று.

அப்படியானால் உடன்படுவது
சேர்ந்து விழுவதா?
ஒருத்தர் விழும்போது
மற்றவர் கூட இருப்பதா?

வேறு சொல் போட்டுப் பார்த்தேன்.
சம்மதித்தனர்: ஒரே எண்ணம் வேண்டும் அதற்கு.
டீ வரச் சொன்னபோது மட்டும்
இருதரப்புக்கும் அது இருந்தது.
இசைந்தனர்: கல்வெட்டில் அழகாக இருக்கும்.
தறிச் சத்தத்தில் தூங்கி வளர்ந்த எனக்கு
இசை என்று அடிக்க விரல் வரவில்லை.
ஒப்புக்கொண்டனர்: ஒப்பு என்றால் சமம்.
நிமிர்ந்து பார்த்தேன்.
அந்தப் பக்கம் மெத்தை வைத்த சேர்,
இந்தப் பக்கம் பிளாஸ்டிக்.

பாவும் ஊடையும் போல என்று
தாசில்தார் முடிவுரையில் சொன்னார்.
தறி ஓட்டுகிற யாரும் தலையாட்டவில்லை.
ஊடையை யாரும் கேட்டுக்கொண்டு அடிப்பதில்லை.

கையெழுத்துக்கு முதலில் வந்தவர்
சோமனூர் நாட்ராயன். எட்டுத் தறி.
இருபத்தாறு நாளாய் எட்டும் நின்றிருக்கிறது.
கேட்டது ஒன்று இருபது.
காது மடலில் இன்னும் பஞ்சுத் தூசி.

“என்னன்னு எழுதிருக்குதுங்?”
படித்துக் காட்டினேன்.
“உடன்பட்டனர்னா?”

எனக்குத் தெரிந்த அத்தனை அர்த்தமும்
தொண்டை வரை வந்தது.
“ஒத்துக்கிட்டீங்கன்னு அர்த்தங்க” என்றேன்.

“நானுங்களா?
நான் செரின்னுதானுங்க சொன்னேன்.”

எங்கள் ஊரில் சரி என்பது செரிதான்.
தின்றது உள்ளே இறங்குவதற்கும் அதே எழுத்து.
இறங்காவிட்டாலும்
வாய் அதையேதான் சொல்லும்.

எழுத்தளவைப் பன்னிரண்டிலிருந்து பதினொன்றாக்கினேன்.
பட்டனர் மேலே ஏறி
உடனோடு ஒட்டிக்கொண்டது.
தைத்த இடம் தெரியவில்லை.

மூன்று நகலிலும் போட்டார்.
மூன்றாவதில் பேனா தீர்ந்து
‘நாட்ரா’வோடு நின்றது.
என் பேனாவைக் கொடுத்தேன்.
வாங்கினார்,
மீதியை எழுதாமல்
கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார்.