சிவப்பு மண்ணுக்கு

பதின்மூணாம் நம்பர் ஸ்பானர் கவ்வும்,
கவ்வினது போல நடிக்கும்,
அப்புறம் போல்ட்டின் முகத்தை வழித்துவிடும்.
அரை இஞ்சு வேண்டும் இதற்கு.
குளச்சலில் யாரிடம் இருக்கிறது அரை இஞ்சு?
துறைமுகத்தில் கேட்டேன், ஐஸ் பிளான்டில் கேட்டேன்,
கடைசியில் மணவாளக்குறிச்சி பழைய இரும்புக் கடையில்
ஐந்து ஸ்பானர் கிடைத்தது,
கிலோ அறுபது ரூபாய்க்கு நிறுத்துத் தந்தான்.

நான் வள்ளத்து எஞ்சின் பார்க்கிறவள்.
அமலோற்பவம் என்றால் கடியபட்டணம் வரை தெரியும்.
வக்கீல் நேசையன் லாரியிலிருந்து இதை இறக்கியபோது
தார்ப்பாயைப் பார்த்துப் பிள்ளைகள் கேட்டார்கள்,
"படகா அக்கா?"
பச்சை. ரெண்டே சீட்டு. உள்ளே உட்கார்ந்தால்
ஆட்டுக்குட்டியின் கண் மட்டத்தில் ரோடு.
எம்.ஜி. மிட்ஜெட், அறுபத்துமூணு மாடல்.
பீருமேட்டு எஸ்டேட் ஷெட்டில்
தேயிலைச் சாக்குக்கு அடியில் கிடந்ததாம்.
"துருவ உன்னளவுக்குப் பாத்தவ யாருட்டீ" என்றார்.

துரு தெரியும்.
தரைத் தகட்டை விரலால் சுண்டினால்
நல்லது மணி, கெட்டது அப்பளம்.
அப்பளத்தை வெட்டி எறிந்தேன்,
புதுத் தகட்டுக்கு அடியில்
முந்திரி ஓட்டெண்ணெய் ரெண்டு கோட்டு,
வள்ளத்துக்குப் பூசுவதுதான்.
உள்ளங்கைத் தோல் ஒரு வாரம் உரிந்தது.
இதைச் செய்தவனுக்கு இது தெரியாது,
அவன் ஊரில் முந்திரி ஏது, பாவம்.

கார்புரேட்டர் ரெண்டு.
ரப்பர் டியூபின் ஒரு நுனி என் காதில்,
மறுநுனி அதன் வாயில்.
ரெண்டும் ஒரே அளவு மூச்சு இழுக்க வேண்டும்.
"கடல் மாதிரி கேக்குமோ?" என்றார் வக்கீல்.
இல்லை சார்,
குக்கர் விசிலடிக்கும் முன் முனகுமே, அது.
கால் திருகு. கேள்.
அரைக்கால் திருகு. கேள்.
பாங்கு சொன்னால் நிறுத்து.
முடிந்ததும் முதலிலிருந்து கேள்.

இதுவரை சொன்னது எல்லாம் அவருக்கும் தெரியும்.

பாட்டரி மாட்டிய அன்று
கை யோசிக்கவில்லை.
இருபது வருடப் பழக்கம்,
கறுப்பு வயரைப் பாடியில் முடுக்கியது.
இந்த வண்டியிலோ சிவப்புதான் மண்ணுக்கு.
அதன் உலகத்தில் பூமிதான் பாசிட்டிவ்.
எழுதித்தான் வைத்திருந்தான்,
பெட்டி மூலையில், கிரீசுக்கு அடியில்,
சாரத்து நுனியால் துடைத்திருந்தால் வாசித்திருப்பேன்.
கட்-அவுட்டுக்குள் நீலமாக ஒரு கொட்டாவி,
பிறகு சாளை தீய்ந்த மணம்.

பில்லில் எழுதினேன்:
கட்-அவுட், பழசு, மாற்றியது. நாலாயிரத்து இருநூறு.

வெள்ளிதோறும் பத்மநாபபுரம் கோர்ட் முடிந்து வருவார்.
"இன்னும் எத்தனை வாய்தா?"
"அடுத்த வெள்ளி சார்."
அங்கே அவர் வாங்கியதை எல்லாம்
இங்கே நான் கொடுத்தேன்.

ஆனி மாதம், முட்டத்துக்கு முதல் ஓட்டம்.
மண்டைக்காடு தாண்டியதும் மழை.
வைப்பர் பாதி வரை வந்து
சாட்சி போல நின்றுவிட்டது.
கூரைத் துணி என் பக்கம் மூடவில்லை.
மடியில் ஸ்பானர் பை நனைய நனைய,
ஏன் அப்போது என்று கேட்டால் தெரியாது,
சொன்னேன்.
"அது பழசாகிப் போனது இல்ல சார். நான் எரிச்சது."

அவர் வண்டியை நிறுத்தினார்.
இறங்கி, கறுப்புக் கோட்டின் கையால்
கண்ணாடியைத் துடைத்தார், என் பக்கமும்.
"ஒத்துக்கிட்டா தண்டனை குறையும்னு
யாரு சொன்னா ஒனக்கு?"
சிரித்தாரா என்று மழையில் தெரியவில்லை.
முட்டம் வரை தேர்டு கியரிலேயே ஓட்டினார்,
எஞ்சின் மட்டும் பேசிக்கொண்டு வந்தது.

பணம் கொடுத்த நாளில் பில்லை விரித்து
பழசு என்ற சொல்லை மட்டும் அடித்தார்.
தொகையைத் தொடவில்லை.

ஷெட்டில் மிச்சமிருந்த வள்ளத்துப் பெயின்டை எடுத்து
பாட்டரி மூடிமேல் கொட்டை எழுத்தில் எழுதினேன்,
சிவப்பு மண்ணுக்கு.
காய்வதற்குள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.
ணகரம் கொஞ்சம் வழிந்திருக்கும்.
வாசிக்கலாம்.