அடுப்பு உண்டா

டிசம்பர் இருபது, காலை ஏழு மணி.
டுலூத் நகரில், தேவாலயத்தின் நிலவறையில்
டப்பாக்கள் வந்து குவிந்தன.
சோளம், பட்டாணி, தக்காளிச் சாறு,
யாரும் ஆசைப்பட்டு வாங்காத பூசணிக் கூழ்.
அது மட்டும் நாற்பத்தொன்று.

ஊர் தன் அலமாரியைத் திறந்து
பிடிக்காததை முதலில் கொடுக்கிறது.
பிறகு வெட்கப்பட்டு
பிடித்ததையும் கொஞ்சம்.
ஒரு பல் மருத்துவர் அறுபது தூரிகைகள் அனுப்பியிருந்தார்.
தின்ன என்ன இருக்கிறதென்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இரும்புத்தாதுக் கப்பலில்
இருபத்தாறு வருடச் சமையல்காரன் நான்.
அக்டோபரில் சுரங்கம் இருநூறு பேரை வீட்டுக்கு அனுப்பியது.
தாது இல்லை, ஆகவே கப்பல் இல்லை.
ஏரி உறையும் முன்பே எங்களைத் துறையில் கட்டிவிட்டார்கள்.
கரண்டி பிடிக்காத கை அரிக்கிறது,
அதனால் வந்தேன்.
தர்ம சிந்தனை என்றெல்லாம் பெரிதாக ஒன்றுமில்லை.

சொல்வெய்க் படிவம் நிரப்புவாள்:
பெயர். எத்தனை பேர். குழந்தைகளின் வயது.
நிலக்கடலை ஒத்துக்கொள்ளுமா.
நான் உறைந்த வான்கோழியைத் தூக்கிக் கொடுப்பேன்,
ஆளுக்கொன்று, கல்லைப் போல.
மதியத்துக்குள் நூற்றுப்பன்னிரண்டு.
கணக்கு சரியாக வந்ததில் எங்களுக்கு
ஒரு சின்னக் கர்வம்கூட.

நான்கு மணிக்கு, இருட்டிய பின்,
டெலீன் லசார்ட் திரும்பி வந்தாள்.
தலையில் பனி, இடுப்பில் பிள்ளைபோல வான்கோழி,
பின்னால் நிஜப் பிள்ளை.
மேசைமேல் வைத்தாள்.
"வேறு யாருக்காவது கொடுங்கள்."

ஏன் என்று கேட்டோம்.
மேசையைப் பார்த்தே பதில் சொன்னாள்:
"நெடுஞ்சாலை விடுதியில் இருக்கிறோம்.
அறையில் மைக்ரோவேவ் மட்டும்தான்."
பையன் இரு கைகளையும் விரித்து
அதன் அகலம் காட்டினான்.
"ஒரு கால்கூட உள்ளே போகாது,
அளந்து பார்த்தேன்" என்று சிரித்தான்.

எங்களில் யாரும் சிரிக்கவில்லை.

காரில் தூங்குபவர்கள்,
கேஸ் துண்டிக்கப்பட்டவர்கள்,
குளியல் தொட்டியில் பறவையைப் போட்டுவிட்டு
என்ன செய்வதென்று பார்த்துக்கொண்டிருப்பவர்கள்…
எத்தனை பேர் சொல்லாமல் தூக்கிக்கொண்டு போனார்கள்?
வாழ்நாள் முழுக்க அடுப்பின் முன் நின்றவன் நான்.
எனக்குக்கூடத் தோன்றவில்லையே.
சொல்வெய்கின் பேனாவை வாங்கி
படிவத்தின் கீழே கோணலாக எழுதினேன்:
அடுப்பு உண்டா?

இரவெல்லாம் தொலைபேசி.
பத்தொன்பது வீடுகள் இல்லை என்றன,
அதை வீடு என்று சொல்லலாமென்றால்.
பதினொரு எண்கள் எடுக்கவே இல்லை.
அவற்றை இன்னமும் வைத்திருக்கிறேன்.

பள்ளிக் காவலாளி வேர்ன் சமையற்கூடத்தைத் திறந்துவிட்டான்.
வெண்ணெய் யாரோ கொண்டுவந்தார்கள்.
வெங்காயம் யாரோ.
தீயணைப்பு நிலையத்து ஆட்கள் மூவர்
உருளைக்கிழங்கு தோல் சீவினார்கள்,
பாதித் தோலோடு பாதிக் கிழங்கும் போயிற்று.
அந்த நாற்பத்தொரு பூசணிக் கூழும்
மிளகு, வெங்காயத்தோடு கொதித்து
இரண்டு பெரிய அண்டா சூப் ஆயின.
விடிகிறபோது ஜன்னலெல்லாம் ஆவி,
பாத்திரம் தேய்க்கும் பையன்களுக்குக்கூடப் பசி.

இருபத்து நாலாம் தேதி மாலை, விடுதி, அறை பதினான்கு.
கட்டில்தான் மேசை.
பையன் தாளின் ஓரத்தைப் பிய்த்தான்,
ஆவி அவன் மூக்குக்கண்ணாடியை மூடியது.
டெலீன் ஒரு துண்டு பிய்த்து மென்றாள்.
இன்னொரு துண்டு.
பிறகு முதல்முறையாக
என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"உப்பு போதாது."

தானமாய் வந்த மாட்டைப்
பல் பிடித்துப் பார்க்கக்கூடாதாம்.
பார்க்கட்டுமே.
கப்பலில் ஒவ்வொரு வேளையும்
இதைத்தானே சொல்வார்கள்,
சம்பளம் வாங்கும் ஆட்கள், என் ஆட்கள்.

வெளியே வந்தேன். ஏரிக்காற்று காதை அறுத்தது.
கையுறையைக் கழற்றி உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்:
உப்புப் பொட்டலம்,
பெட்டிக்கு இரண்டு.